நீர்க்கட்டி என்ற பதிலோடு நின்றுவிடாத மையம்: தஞ்சையில் ஒரு மார்பக நோயறி சேவை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் இயங்கும் தனியார் மார்பக நோயறி மையம் ஒன்றின் சேவையை இங்கே மதிப்பிடுகிறேன். எழுபது வயதைக் கடந்த என் அத்தையின் மார்பில் இருந்த கட்டி, பெரும்பாலும் வயதான பெண்களுக்கே வருகிற அரிதான ஒரு வகைப் புற்றுநோய் என்று அங்கேதான் கண்டறியப்பட்டது. மையத்தின் பெயரை நான் எழுதவில்லை. அத்தை யாரென்று ஊருக்கும் உறவுக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். கும்பகோணத்திலோ திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ இருப்பவர்கள் தமக்கு அருகிலுள்ள மையத்தையும் இதே அளவுகோல்களைக் கொண்டு எடைபோட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்பகத்தை எக்ஸ்-ரே படம் எடுக்கும் மாமோகிராம் கருவியும், ஒலியலையால் உள்ளே பார்க்கும் ஸ்கேன் கருவியும் இன்று டெல்டாவின் பல ஊர்களில் இருக்கின்றன. இந்த மையத்தில் நான் உயர்வாக மதிப்பது, கையால் தொட்டறிந்தது, படத்தில் தெரிந்தது, சதைத் துணுக்கில் கண்டது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை அவர்கள் எந்தப் பதிலையும் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான். கட்டணத்திலும், காத்திருப்புக் கூடத்திலும், அறிக்கை தரும் முறையிலும் எனக்குக் குறைகள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அத்தை நீடாமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். இடது மார்பில், காம்பை ஒட்டிய இடத்தில், வலியில்லாத உருண்டையான கட்டி ஒன்று தென்பட்டபோது அருகிலிருந்த நகரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். வேறோர் இடத்தில் ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார்கள். வந்த நீர் தெளிவாக இல்லாமல் பழுப்பும் சிவப்புமாக இருந்தது. அந்த நீரைப் பரிசோதித்த அறிக்கையில் புற்றுநோய்ச் செல்கள் எவையும் காணப்படவில்லை என்றிருந்தது. கட்டி வற்றியது; வீடு நிம்மதியடைந்தது; பிறகு அதே இடத்தில் கட்டி மறுபடி நிரம்பியது. இந்த முறை அத்தையே, "இந்த வயசுல எனக்கு எதுக்குடி இதெல்லாம், நீர்க்கட்டின்னுதான் சொல்லிட்டாங்களே" என்று மறுத்தார். அவரைச் சம்மதிக்க வைப்பதற்கே சம்பா நடவு முடிய வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மையத்தில் முதலில் எங்களைச் சந்தித்த பெண் மருத்துவர் பழைய அறிக்கைகளைப் படித்துவிட்டு, அவற்றில் எதையும் தவறென்று சொல்லாமல், அவை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன, எந்தக் கேள்விக்குச் சொல்லவில்லை என்று விளக்கினார். மார்பகத்தில் வரும் சாதாரண நீர்க்கட்டிகள் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தோடு தொடர்புடையவை. ஆகவே மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குப் பின் அவை குறைந்துவிடும். ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிடாத எழுபது வயதுப் பெண்ணுக்குப் புதிதாக ஒரு நீர்க்கட்டி தோன்றி, அதன் நீரில் இரத்தம் கலந்திருந்து, எடுத்தபின் திரும்பவும் நிரம்பினால், அதை நாற்பது வயதுப் பெண்ணின் நீர்க்கட்டியைப் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. நீரில் புற்றுநோய்ச் செல் இல்லை என்ற அறிக்கை, உறிஞ்சியெடுத்த நீரைப் பற்றியது மட்டுமே. நோய் இருந்தால் அது கட்டியின் உள்சுவரில் ஒட்டி வளர்ந்திருக்கும். நீரில் மிதப்பவை பெரும்பாலும் சிதைந்த இரத்தமும் உதிர்ந்த செல்களும்தான். இவ்வளவையும் அவர் அத்தையைப் பார்த்தே சொன்னார், என்னையோ அத்தையின் மகனையோ பார்த்து அல்ல. வயதான பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சு அவருடைய தலைக்கு மேலாகவே நடந்து முடிவதுதான் நம் குடும்பங்களின் வழக்கமாக இருப்பதால், இதை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன்.

அதற்கும் முன்பாக, செவிலியர் ஒருவர் அத்தையைத் தனியறைக்கு அழைத்துச் சென்று நோய் வரலாற்றைக் குறித்துக்கொண்டார். ஆண்கள் யாரும் உள்ளே இல்லை. எந்த வயதில் மாதவிடாய் நின்றது, தாய்வழியிலோ தந்தைவழியிலோ யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ உண்டா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற வழக்கமான கேள்விகளுக்கு நடுவே, "ரவிக்கையில எப்பவாவது கறை பட்டிருக்காம்மா?" என்றும் கேட்டிருக்கிறார். பட்டிருக்கிறது. பல மாதங்களாகவே இடப்பக்கம் மட்டும் துரு நிறத்தில் கறை பட்டுக்கொண்டிருந்ததையும், யாருக்கும் தெரியாமல் அதைத் துவைத்துக் காயப்போட்டு வந்ததையும் அத்தை அந்தச் செவிலியரிடம்தான் முதன்முதலாகச் சொன்னார். ஒரே பக்கத்தில், பிதுக்காமல் தானாகவே வருகிற இரத்தக் கசிவு மார்பக மருத்துவத்தில் மிக முக்கியமான அறிகுறி. காம்புக்கு அருகிலுள்ள பால் நாளங்களில் ஏதோ வளர்கிறது என்பதை அது காட்டக்கூடும். அதற்கு முன் அத்தையைப் பார்த்த எவரும் இதைக் கேட்கவில்லை; கேட்காமல் சொல்லும் பழக்கம் அவர் தலைமுறைப் பெண்களுக்கு இல்லை. அந்தக் கேள்வியை அந்தச் சொற்களில் கேட்கப் பழக்கியவர் யாராக இருந்தாலும், இந்த மையத்துக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அவரைச் சேரும்.

பிறகு மருத்துவர் இரு மார்பகங்களையும், இரு அக்குள்களையும், காறையெலும்புக்கு மேலுள்ள பகுதியையும் தொட்டுப் பரிசோதித்தார். கட்டி ஒரு பக்கத்தில்தான் என்றாலும் இரண்டு பக்கமும் பார்ப்பதே முறை. அவசரம் காட்டவில்லை.

மாமோகிராம் அறையைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்ல வேண்டும். கருவியை இயக்கிய பெண் தொழில்நுட்பர் பொறுமையானவர். ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து ஒரு படமும், சாய்வாக ஒரு படமும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பகத்தைத் தட்டுகளுக்கு இடையே சில நொடிகள் அழுத்தியாக வேண்டும். கூன் விழுந்த முதுகும், காது உயரத்துக்கு மேல் தூக்க முடியாத தோளும் உள்ள ஒரு மூதாட்டிக்கு இது எளிதல்ல. அவர் கருவியின் உயரத்தை மாற்றி மாற்றி வைத்து, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ கொஞ்சம் வலிக்கும்மா, பத்து எண்ணறதுக்குள்ள விட்டுடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிச் சொல்லி எடுத்தார். ஆனால் உடை மாற்றும் அறை ஒன்றே ஒன்றுதான்; கொடுக்கும் அங்கியின் நாடாக்கள் முதுகுப்பக்கம் இருந்ததால் மூட்டுவலி உள்ளவர்களால் தாமாகக் கட்டிக்கொள்ள முடியாது; கருவிக்காகக் குளிரூட்டப்பட்ட அறையில் மேலே போர்த்திக்கொள்ள ஒரு துண்டுகூட இல்லை. முன்பக்கம் கட்டும் அங்கியும் ஒரு பருத்திப் போர்வையும் பெரிய செலவல்ல. வயதானவர்களே அதிகம் வரும் இடத்தில் இதை யாரும் யோசிக்காதது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

வயதான பெண்களுக்கு மாமோகிராம் வீண் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. வயது ஏற ஏற மார்பகத்தின் சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு கூடுவதால், படத்தில் பின்னணி கருமையாகி, வெண்மையாகத் தெரிகிற கட்டி இளம்பெண்களின் படத்தைவிடத் தெளிவாகத் தென்படும். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் வயதோடு கூடிக்கொண்டேதான் போகிறது. அத்தையின் படத்தில் ஓரங்கள் சீராக உள்ள ஒரு வட்ட நிழல் இருந்தது. உள்ளே இருப்பது நீரா சதையா என்பதை மாமோகிராம் பிரித்துச் சொல்லாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். பழைய ஸ்கேன் கையில் இருந்தும், அதை வைத்துக்கொண்டு முடிவு செய்யாமல் கதிரியக்க மருத்துவர் தாமே புதிதாக ஸ்கேன் செய்தார். நீர் நிறைந்த கட்டியின் உள்சுவரில் ஒரு பக்கத்தில் சதை முளைத்திருந்தது. இரத்த ஓட்டத்தை நிறங்களாகக் காட்டும் டாப்ளர் முறையில் பார்த்தபோது அந்த முளைக்குள் ஓட்டம் தெரிந்தது. உறைந்த இரத்தமாகவோ படிந்த கசடாகவோ இருந்தால் அதற்குள் ஓட்டம் இருக்காது. திரையைத் திருப்பி, சிவப்பும் நீலமுமாக மினுக்கிய அந்தப் புள்ளிகளை எங்களுக்கும் காட்டினார்.

அறிக்கையில் பைராட்ஸ் 4 என்று இருந்தது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த இந்த வரிசையில் 4 என்பதற்குப் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல், 95 விழுக்காட்டுக்குக் கீழ் என்று பொருள். இவ்வளவு அகன்ற இடைவெளியை ஒரே எண்ணால் குறிப்பது நோயாளிக்குப் பெரிய உதவியாக இல்லை என்றாலும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் அது ஐயம் வைப்பதில்லை: சதை எடுத்துப் பார்க்க வேண்டும். 4 என்ற எண்ணைப் பார்த்து நோயின் நான்காம் நிலை என்று பதறிப்போன அத்தையின் மகனுக்கு, இது படத்தின் மீதான ஐயத்தின் அளவே தவிர நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதன் அளவு அல்ல என்று விளக்குவதற்கு அந்த மருத்துவர் நேரம் ஒதுக்கினார். அறிக்கையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அன்றிரவு அந்த வீட்டில் யாரும் உறங்கியிருக்க மாட்டார்கள்.

சதைப் பரிசோதனை செய்த விதம்தான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. நீருள்ள கட்டி என்றால் முதலில் நீரை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். அவர்கள் அதைச் செய்யவில்லை. நீர் வடிந்துவிட்டால் கட்டி சுருங்கி, சதை முளைத்திருக்கும் இடம் ஸ்கேனில் தெரியாமல் போய்விடும். ஆகவே மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே, முளைத்திருந்த சதைக்குள் நேராக 14 கேஜ் என்னும் தடித்த ஊசியைச் செலுத்தித் துணுக்குகளை எடுத்தார்கள். மெல்லிய ஊசியில் உதிரிச் செல்கள் மட்டுமே வரும். இந்த ஊசியில் திசுவின் அமைப்பு குலையாமல் வரும். இந்த நோயில் அமைப்புதான் எல்லாம் என்பது பின்னால் விளங்கியது. ஊசி இயங்கும்போது வரும் 'டக்' என்ற சத்தத்தை முதலில் வெளியே ஒருமுறை இயக்கிக் கேட்கச் செய்தார்கள். எடுத்த இடத்தில், பிற்பாடு அறுவை மருத்துவர் அடையாளம் காண்பதற்காக, மிகச் சிறிய உலோகக் குறியொன்றை உள்ளே வைத்தார்கள். அத்தை இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்பதால் கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, உட்கார வைத்துப் பார்த்துவிட்டே அனுப்பினார்கள்.

துணுக்குகளைப் போட்ட, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவக் குப்பியின் மேல், சதை எடுத்த நேரமும் ஃபார்மலினில் போட்ட நேரமும் எழுதப்பட்டதைக் கண்டேன். கேட்டபோது தொழில்நுட்பர் சொன்னார்: எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும், ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் இருக்கலாம், இந்த எல்லைகளைத் தாண்டினால் புற்றுநோய்ச் செல்களில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டா என்று பின்னர் பார்க்கும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனை பொய்த்துப்போகலாம். அதனால்தான் பொங்கல் போன்ற தொடர் விடுமுறைகளுக்கு முந்தைய நாளில், அவசரம் இருந்தாலொழிய, அவர்கள் சதை எடுப்பதில்லையாம். எங்களுக்கும் விடுமுறையைத் தாண்டித்தான் நாள் கொடுத்தார்கள். அப்போது எரிச்சலாக இருந்த அந்தத் தாமதத்தின் காரணத்தை, நாள் கொடுக்கும்போதே முன்மேசையில் இருந்தவர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

முடிவைச் சொல்ல எங்களை அழைத்தபோது, நோயியல் மருத்துவரும் உடனிருந்தார். பொதுவாக நோயாளி கண்ணால் காணாத மருத்துவர் அவர். முதல் அறிக்கையில் பாப்பிலரி வகைக் கட்டி என்று மட்டும் இருந்ததாகவும், அது சாதுவான பாப்பிலோமாவா புற்றுநோயா என்பதைச் சாயப் பரிசோதனைகள் செய்யாமல் சொல்ல விரும்பவில்லை என்றும் அவர் விளக்கினார். பாப்பிலரி என்றால், மெல்லிய இரத்தக் குழாய்த் தண்டிலிருந்து நெற்கதிர் கிளைப்பதுபோலச் சதை கிளைத்து வளர்வது. சாதுவான கட்டியில் இந்தக் கிளைகள் ஒவ்வொன்றின் அடியிலும் மயோஎபிதீலியல் செல்கள் என்னும் இன்னோர் அடுக்கு இருக்கும். பி63 போன்ற சாயங்களைச் சேர்த்தால் அந்த அடுக்கு பழுப்பு நிறத்தில் தெரியும். அத்தையின் துணுக்குகளில் அந்த அடுக்கு கிளைகளிலும் இல்லை, கட்டியைச் சுற்றியிருந்த தடித்த நார் உறையின் ஓரத்திலும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வலுவாக இருந்தது. என்கேப்சுலேட்டட் பாப்பிலரி கார்சினோமா, அதாவது உறையிட்ட பாப்பிலரி புற்றுநோய், என்பதற்கு இவை பொருந்துகின்றன என்றார்.

மார்பகப் புற்றுநோய்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றில் ஒன்றோ இரண்டோதான் இந்த வகை. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பெண்களிடமே பெரிதும் காணப்படுகிறது. ஆண்களுக்கும் எப்போதாவது வருவதுண்டு. முன்பு இதை நீர்க்கட்டிக்குள் வளரும் பாப்பிலரி புற்றுநோய் என்றே அழைத்தார்கள். சாதாரணமாக மயோஎபிதீலியல் அடுக்கு இல்லையென்றால் புற்றுநோய் சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவிவிட்டது என்று கொள்வார்கள். ஆனால் இந்த வகையில் அடுக்கு இல்லாவிட்டாலும், உறையைத் தாண்டி ஊடுருவாதவரை நோய் மிகச் சாந்தமாகவே நடந்துகொள்கிறது. அதனால், உறைக்கு வெளியே ஊடுருவல் இல்லையென்றால் இதைப் பரவாத நிலைப் புற்றுநோயாகவே கருதிச் சிகிச்சை தர வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டு நூல் தரும் வழிகாட்டல். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அரிது. சிகிச்சைக்குப் பின் நலமாக வாழும் வாய்ப்பு மிக அதிகம்.

இந்த இடத்தில் அவர் காட்டிய நேர்மை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊசியில் எடுத்த துணுக்குகளை வைத்து ஊடுருவல் இல்லை என்று உறுதி கூற முடியாது, கட்டி முழுவதையும் உறையோடு எடுத்து, ஓரங்களிலிருந்து பல துண்டுகளை வெட்டிப் பார்த்தபின்தான் இறுதியாகச் சொல்ல முடியும் என்றார். இன்னொன்றும் சொன்னார். ஊசி போன தடத்தில் சில செல்கள் இடம்பெயர்ந்து கிடக்கக்கூடும். அது தெரியாத நோயியல் மருத்துவர் அவற்றைப் பார்த்து உண்மையான ஊடுருவல் என்று தவறாக எழுதிவிட வாய்ப்புண்டு. ஆகவே ஊசி போட்ட நாளையும் இடத்தையும், முன்பு நீர் உறிஞ்சியதையும் சேர்த்து, கடிதமாக எழுதித் தருகிறேன், அறுவை நடக்கும் இடத்தில் கட்டாயம் கொடுங்கள் என்று அன்றே தந்தும் விட்டார். தமக்கு வருமானமோ பெயரோ தராத ஒரு வேலையை, வேறோர் ஊரில் உட்கார்ந்து அந்தச் சதையைப் பார்க்கப்போகும் முகமறியாத ஒருவருக்காக அவர் செய்தார்.

அத்தையிடம் செய்தியைச் சொன்னதும் அதே பெண் மருத்துவர்தான். சொல்வதற்கு முன், "உங்க ரிசல்ட்ட உங்ககிட்டயே சொல்லட்டுமாம்மா, இல்ல பிள்ளைங்ககிட்ட சொன்னா போதுமா?" என்று கேட்டார். "என் உடம்புதானே, எனக்கே சொல்லுங்க" என்றார் அத்தை. கேன்சர் என்ற சொல்லை அவர் தவிர்க்கவும் இல்லை, அதைச் சொல்லிவிட்டு நிறுத்தவும் இல்லை; எந்த வகை, எவ்வளவு மெதுவாக வளர்வது, அடுத்து என்ன என்பதைத் தமிழில், அத்தை மறித்துக் கேட்கக்கூடிய வேகத்தில் சொன்னார். கீமோ கொடுப்பார்களா என்று அத்தை கேட்டார். இந்த வகையில், ஊடுருவல் இல்லையென்றால், அதற்குத் தேவை வராது என்ற பதிலைக் கேட்டபின்தான் அவர் அறுவைக்கு ஒப்புக்கொண்டார். சரியான வகையைக் கண்டறிவது ஒரு மூதாட்டிக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பதை அந்த அறையில் நான் கண்ணால் கண்டேன். பெயர் தெரியாத புற்றுநோய் என்று போயிருந்தால், அவர் ஒன்று சிகிச்சையே வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பியிருப்பார், அல்லது தேவைக்கு மேற்பட்ட சிகிச்சையைச் சுமந்திருப்பார்.

வயதான பெண்களிடம் ஐயத்தோடு பார்க்க வேண்டிய வேறு இரண்டு வகைகளையும் அந்த மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்னார். சளி போன்ற பொருளுக்குள் செல்கள் மிதக்கும் மியூசினஸ் புற்றுநோய் மென்மையாக, ஓரம் சீராக இருந்து, படத்தில் சாதுவான கட்டியைப் போலவே தோன்றும். காம்பில் படையும் அரிப்புமாகத் தொடங்கும் பாஜெட் நோயை 1874-ல் ஜேம்ஸ் பாஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்துவிட்டார். இருந்தும் இன்றுவரை அது தோல் வியாதி என்று மாதக்கணக்கில் களிம்பு பூசப்பட்டே தாமதமாகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பில் ஆறாத காம்புப் புண் யாருக்கு இருந்தாலும், அங்கே ஒரு துளி சதை எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இனி குறைகள். மாமோகிராமுக்கும் ஸ்கேனுக்கும் எவ்வளவு என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னார்கள். சதைப் பரிசோதனைக்கும் சொன்னார்கள். ஆனால் சாயப் பரிசோதனைகளுக்குத் தனிக் கட்டணம் என்பது முதல் அறிக்கை வந்தபின்தான் தெரிந்தது. ஐ.ஹெச்.சி. என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்தச் சோதனைகளைச் சென்னைக்கு அனுப்பிச் செய்கிறார்கள். கட்டணமும் கூடுதல், காத்திருப்பும் கூடுதல். விவசாயக் குடும்பத்துக்கு, அதுவும் உரத்துக்கும் ஆள்கூலிக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும் பருவத்தில், மொத்தச் செலவு எவ்வளவு வரை போகலாம் என்ற மதிப்பீட்டை முதல் நாளிலேயே எழுதித் தருவது நியாயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற முடிந்தாலும், இந்த மையத்தில் எங்கள் பரிசோதனைகளுக்கு அந்த அட்டையை ஏற்கவில்லை. அறுவையை நாங்கள் அந்தத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் செய்துகொண்டோம். பரிசோதனைச் செலவையே தாங்க முடியாதவர்கள் முதலிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வது நல்லது. காத்திருக்க நேரிட்டாலும் சதைப் பரிசோதனைவரை விடாமல் கேட்டுப் பெற வேண்டும்.

காத்திருப்புக் கூடம் பொதுவானது. ரவிக்கையில் பட்ட கறையைப் பற்றிப் பேச வந்திருக்கும் ஒரு பெண், பிற பரிசோதனைகளுக்கு வந்த ஆண்களின் நடுவே பெயர் சொல்லி உரக்க அழைக்கப்படுகிறார். மாமோகிராம் என்று சேர்த்தே அழைக்கிறார்கள். பெயருக்குப் பதில் டோக்கன் எண் போதுமே.

அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருத்துவர்களுக்கிடையே அது தேவைதான். ஆனால் வாயால் அவ்வளவு அழகாகத் தமிழில் விளக்கியவர்கள், அந்த விளக்கத்தை ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால், ஊருக்குத் திரும்பியபின் உறவினர் ஆளுக்கொன்றாகச் சொன்ன பொருள்களிலிருந்து அத்தை தப்பித்திருப்பார். மெழுகில் பதித்த சதைக்கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் நாங்கள் கேட்டபின்தான் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு தயங்காமல் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது கருத்துக் கேட்கவும், அறுவைக்குப் பின் ஒப்பிட்டுப் பார்க்கவும் அவை வேண்டும். எந்த மையத்துக்குப் போனாலும் அறிக்கையோடு அவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

கட்டியை, அதைச் சுற்றியிருந்த நல்ல திசுவோடு சேர்த்து அகற்றி, முழுமையாகப் பரிசோதித்தபோது, உறையைத் தாண்டிய ஊடுருவல் எங்கும் இல்லை என்று வந்தது. ஊசித் தடத்தில் சில செல்கள் இருந்தன. மையத்து மருத்துவரின் கடிதத்தைப் பார்த்திருந்த நோயியல் மருத்துவர் அவற்றை ஊசித் தடம் என்றே குறிப்பிட்டு எழுதியிருந்தார். அத்தைக்கு இனி ஆண்டுதோறும் இரு பக்கமும் பார்க்க வேண்டும். பழைய படங்களோடு ஒப்பிடுவதற்கு வசதி என்பதாலும், கேட்க வேண்டியதைக் கேட்டவர்கள் என்பதாலும், அடுத்த மாமோகிராமை நீடாமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து இங்கேயே எடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். போகும்போது ஒரு பருத்திப் போர்வையை நாங்களே கொண்டுபோவோம்.